கண்ணுக்கு நேரே கிலோ அறுநூறு

என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். சூப்பர் மார்க்கெட்காரரிடம் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. டீத்தூள் வரிசையில் போய் நின்றால், எதில் லாபம் ஜாஸ்தியோ அது என் மூக்குக்கு நேரே பளபளக்கிறது. மலிவான சரக்கு தரையை ஒட்டின தட்டில் இருக்கும், குனிந்துதான் எடுக்க வேண்டும். முட்டிவலிக்காரர்கள் எல்லாரும் வசதியானவர்கள் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். என் மைத்துனன் ஆறடி. அவன் பார்வை விழுகிற தட்டில் கிரீன் டீ. பாவம், அவன் வீட்டில் காலையும் மாலையும் அதுதான்.

அந்தத் தட்டெல்லாம் தற்செயலாக அமைவதில்லை. எந்த உயரம், வரிசையின் எந்த முனை என்று பேசி, கடைக்குப் பணம் கட்டி இடம் பிடிக்கிறார்கள். ரயிலில் துண்டு போடுகிற மாதிரிதான். இங்கே துண்டின் விலையும் நம் தலையில்.

விலையைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். பார்க்க விட்டால்தானே! முன்பெல்லாம் டீத்தூளை 100, 250, 500 கிராம் என்று விதித்த அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும். 2011-ம் வருஷத்து விதிகளிலும் அப்படித்தான் இருந்தது. பிறகு திருத்தம் வந்து, எந்த எடையிலும் போடலாம் என்று ஆகிவிட்டது. பதிலுக்கு ஒரு கிராம் என்ன விலை என்று அச்சடிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்குதான். ‘0.66’ என்று எறும்பு எழுத்தில் ஓரமாக இருக்கும். பைசாவைக் கண்ணால் பார்த்தே பல வருஷமான நாட்டில் அறுபத்தாறு பைசாவுக்கு யார் பயப்படப் போகிறார்கள்? ஆயிரத்தால் பெருக்கினால்தான் கிலோ அறுநூற்று அறுபது என்று நெஞ்சைப் பிடிக்கிறது.

அப்படித்தான் ஒருநாள் செல்போனில் பெருக்கிக்கொண்டு நின்றேன். கால் கிலோ பாக்கெட் இரண்டு வாங்கினால் ஒரு விலை. அதே பிராண்டில் அரைக் கிலோ பாக்கெட் அதைவிடப் பதினாலு ரூபாய் கூடுதல். பக்கத்தில் கம்பெனி டீ-ஷர்ட் போட்ட பெண் நின்றிருந்தாள்.

“ஏம்மா, பெருசு வாங்கினா விலை குறையணுமே?”

“சார், அது ஃபேமிலி பேக் சார்.”

“அதனால?”

“டப்பா ஃப்ரீ சார்.”

வீட்டில் ஏற்கெனவே இருக்கிற இலவச டப்பாக்களில் துவரம்பருப்பு முதல் பழைய சாவிகள் வரை குடியிருக்கின்றன என்று சொன்னேன். அவள் கண்ணியமாகச் சிரித்துவிட்டு அடுத்த முட்டிவலிக்காரரிடம் போனாள்.

டீத்தூளுக்கு இத்தனை விலை எங்கிருந்து வருகிறது? குன்னூர் ஏலத்தில் நீலகிரித் தூள் பல வருஷமாகக் கிலோ நூறு ரூபாயைச் சுற்றியேதான் வருகிறது. அதில்தான் ஃபாக்டரிக்காரர் செலவும், பச்சை இலை போட்ட சிறு விவசாயியின் பங்கும். மலை இறங்கியதும் அதற்கு யோகம் அடிக்கிறது. கலப்பது சும்மா வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வருஷம் முழுக்க ஒரே ருசி வர, உறிஞ்சிப் பார்த்துத் துப்பியே சம்பளம் வாங்கும் நிபுணர்கள் வேண்டும். ஆனால் மீதி? ஒரு பாக்கெட்டில் 15 சதவீதம் நீள இலை என்கிறார்கள். பாக்கி 85 சதவீதம் குட்டை இலைக்கு யாரும் விளம்பரம் எடுக்கவில்லை. இன்னொன்றில் துளசி, அஸ்வகந்தா, அதிமதுரம், இஞ்சி, ஏலக்காய். டீயா கஷாயமா என்று பாலுக்கே குழப்பம். இதே குன்னூர் வட்டாரத்துக் கூட்டுறவு ஃபாக்டரித் தூள் ‘ஊட்டி டீ’ என்று ரேஷன் கடையில் கிடைக்கிறது. அங்கே கண்ணுக்கு நேரே எதுவும் இல்லை, க்யூவில் முன்னால் நிற்பவரின் முதுகுதான்.

எங்கள் குடும்பத்தில் கட்சி மாறியவர்கள் உண்டு, டீத்தூள் மாறியவர்கள் கிடையாது. அம்மா த்ரீ ரோஸஸ். நிறம், சுவை, திடம் என்று விளம்பரம் சொன்னதைப் பாராயணமே செய்துவிட்டாள். மனைவி பிறந்த வீட்டிலிருந்து ரெட் லேபிளோடு வந்தவள். சமையலறையில் இரண்டு டப்பா, இரண்டு வடிகட்டி. சமரசமாக நான் தாஜ்மஹால் வாங்கி வந்தபோது மட்டும் இருவரும் ஒற்றுமையாக என்னைத் திட்டினார்கள்.

போன வாரம் மூன்று பாக்கெட்டையும் திருப்பிப் படித்தேன். மூன்றும் புரூக் பாண்ட், மூன்றும் ஹிந்துஸ்தான் யூனிலீவர். (1869-ல் மான்செஸ்டரில் ஆர்தர் புரூக் என்பவர் கடை போட்டார். பாண்ட் என்று கூட்டாளி யாரும் கிடையாது, காதுக்கு நன்றாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்ட பெயர். இல்லாத மனுஷனுக்கும் சேர்த்துத்தான் நாம் விசுவாசம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.) எதிர்வரிசையில் சக்ரா கோல்ட், கண்ணன் தேவன், அக்னி. அவை மூன்றும் டாடா.

பெரிய கண்டுபிடிப்பாக இதைக் கூடத்தில் அறிவித்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

“அப்படீன்னா இத்தனை வருஷமா அவ குடிச்சதும் நம்ம கம்பெனி டீதானா?”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“ஏங்க, அடுத்த மாசம் லிஸ்ட்ல ரெட் லேபிளை அடிச்சிட்டு, சக்ரா கோல்ட்னு எழுதிக்கங்க.”