அரிசியில் கை கழுவியவர்கள்

2020 ஏப்ரலில் இந்திய உணவுக் கழகத்தின் கணக்கில், அரைக்காத நெல்லையும் சேர்த்து, 7 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருந்தது. கையிருப்பு விதிப்படி 2.1 கோடி டன் போதும்.

வெளியே நாடு கொரோனாவுக்காகப் பூட்டிக் கிடந்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி, நள்ளிரவில் பூட்டியாயிற்று. கூலி இல்லை. பஸ் இல்லை. பள்ளியில் மதியச் சோறும் இல்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள், பசியோடு.

இவ்வளவு தானியத்தை என்ன செய்வது? ஏப்ரல் 20 அன்று தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு கூடி விடை சொன்னது. உபரி அரிசியை எத்தனால் ஆக்கலாம். சானிடைசர் செய்யலாம். பெட்ரோலிலும் கலக்கலாம். ஓடாமல் நின்ற கார்களுக்கு அரிசி. ஊர் திரும்ப நெடுஞ்சாலையில் நடந்தவனுக்கு லத்தி.

ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் பொய். ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு மாதம் தலைக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக, இலவசமாக. கார்டு எத்தனை பேருக்கு என்பது மட்டும் 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பிறகு பெருகிய வயிறுகள் அடுத்த கணக்கெடுப்புவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் பருப்பு. குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. பங்கு போட்டுப் பாருங்கள்: ஐந்து பேர், முப்பது நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூடத் தேறாது. முட்டை? காய்? பால்?

பால் இருந்தது, ஆயுஷ் அமைச்சகத்தின் அறிவுரையில். நோய் எதிர்ப்பாற்றல் பெருக, 150 மில்லி சூடான பாலில் மஞ்சள்தூள் கலந்து தினம் ஒன்றிரண்டு வேளை குடிக்க வேண்டுமாம். காலையில் 10 கிராம் சியவனப்பிராசம். கஷாயத்தில் உலர்திராட்சை. ஆக, அரசு அளந்த பருப்பைவிட அரசு தின்னச் சொன்ன லேகியம் அதிகம். லேகியத்துக்கு ரேஷன் கிடையாது.

2021 அக்டோபரில் உலகப் பட்டினிக் குறியீடு வந்தது. 116 நாடுகளில் நமக்கு 101ஆவது இடம். அரசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கிட்ட முறை அறிவியலுக்குப் புறம்பாம். மஞ்சள் பால் சொன்ன வாய் அது.

அடுத்த மாதமே அரசின் சொந்தக் குடும்பநலக் கணக்கெடுப்பு வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கில் 58.6. இந்த முறை திட்டுவதற்கு வெளிநாட்டுக்காரன் யாரும் அகப்படவில்லை.