கொழுந்தும் கழிவும்

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப் பிரகாரம் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருக்கு ஜீவனோபாயம் தரும் பொருட்டு, 1968-இல் நீலகிரிச் சரிவுகளில் அரசாங்கமே தேயிலை பயிரிட முற்பட்டது புண்ணிய கைங்கரியம் என்பதில் சந்தேகமில்லை. அவ்வாறு திரும்பிய குடும்பமொன்றில், கண்டியில் பாட்டி சுமந்த கூடை, கடல் கடந்து வந்து தாயின் முதுகேறியது. அதுவே இக்குடும்பம் கண்ட உத்தியோக உயர்வு. தாய் ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமாதலால், பி.காம். தேறிய மகளும் பேரேட்டில் பெயர் பதிந்துகொண்டு, தான் பறித்த கொழுந்தின் நிறையைத் தானே சரிபார்க்கும் அளவில் தன் பட்டத்தைப் பிரயோகித்துக்கொள்ளலாம். (அதற்கும் கங்காணியார் முகம் சுளிப்பார்.) மழைக்காலத்தில் இலையில் ஒட்டிய ஈரத்துக்கென்று மறவாமல் கழிவு பிடிக்கும் கணக்குப்பிள்ளை, அட்டை உறிஞ்சிய இரத்தத்துக்கு ஈடாக ஒரு பைசா வரவு வைத்ததாக எந்தத் தோட்டத்திலும் கேள்வியில்லை.