ரிங்கோ மாமா ரிஷிகேசம் போன கதை

நம் குடும்பங்களில் ஒரு மாமா இருப்பார். காசிக்குக் கிளம்பினால் கங்கைச் செம்பு மறந்தாலும் மறக்கும்; புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நாரத்தங்காய் மூன்றும் முதலில் பெட்டிக்குள் ஏறிவிடும். “வடக்கே ரொட்டியைப் போட்டே கொன்னுடுவான்யா” என்பார். 1968 பிப்ரவரியில் ரிஷிகேசத்தில் வந்திறங்கிய ரிங்கோ ஸ்டார், அந்த மாமாவின் லிவர்பூல் பதிப்பு. பீட்டில்ஸ் இசைக்குழு நால்வரில் மற்ற மூவரும் கிதாரோடு வந்தார்கள். டிரம் தட்டுகிற இவர் ஒரு பெட்டி நிறைய பேக்டு பீன்ஸ் டின்களோடு வந்தார். தக்காளிச் சாற்றில் ஊறிக் கிடக்கும் மொச்சை மாதிரி ஒரு வஸ்து. வெள்ளைக்காரர்களின் புளிக்காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு வயதில் குடல்வால் வெடித்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த வயிறு அது. வெங்காயம், மசாலா வாசனை பட்டாலே முறைத்துக்கொள்ளும்.

இவர்கள் தியானம் கற்கத் தேடி வந்த குரு, மகரிஷி மகேஷ் யோகி. அலகாபாத்தில் இயற்பியல் படித்துவிட்டு, ஜோதிர்மடத்துச் சங்கராச்சாரியாரிடம் சீடராகச் சேர்ந்தவர். உலகத்தைத் திருத்தும் இயக்கத்தை 1950களின் கடைசியில் அவர் தொடங்கிவைத்தது எங்கே தெரியுமா? சாட்சாத் நம் மெட்ராஸில். நாம் கேட்டு, கை தட்டி, டிபன் சாப்பிடப் போய்விட்டோம். சீமைக்காரன் ஒரு வாரச் சம்பளத்தைத் தட்சிணையாக வைத்து மந்திரம் வாங்கிக்கொண்டான்.

கங்கைக் கரை மேட்டில் ஆசிரமம். சீமைச் சீடர்கள் முதுகு நோகாமல் முக்தியடைய, கட்டில், மேஜை, உட்காருகிற கக்கூஸ் எல்லாம் உண்டு. இல்லாதது ஈக்களுக்கான தடுப்பு ஒன்றுதான். ரிங்கோவின் மனைவி மொரீனுக்கு ஈயைக் கண்டால் குலைநடுக்கம். மகரிஷியிடம் முறையிட்டார்களாம். தூய உணர்வில் திளைப்பவர்களுக்கு ஈ ஒரு பொருட்டே அல்ல என்று பதில் வந்ததாம். அது ஈக்குத் தெரிய வேண்டாமா? பத்துப் பன்னிரண்டு நாளில் தம்பதி மூட்டை கட்டிவிட்டார்கள். நால்வரில் சுயஞானம் முதலில் சித்தித்தது ரிங்கோவுக்குத்தான்: இது நமக்கு ஒத்துவராது என்கிற ஞானம்.

மற்றவர்கள் தியானத்தில் போட்டி போட்டார்கள், யார் எத்தனை மணி நேரம் என்று. தியானம் செய்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பாட்டு. அவ்வாண்டு நவம்பரில் வந்த வெள்ளை அட்டை இரட்டை இசைத்தட்டில் பாதிக்கு மேல் அந்த மேட்டில் பிறந்த சரக்கு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தியானித்தே தீருவேன் என்ற பிருடென்ஸ் ஃபாரோவை வெளியே அழைக்க ஒரு பாட்டு. ஒரு அமெரிக்கத் தாயும் மகனும் ஆசிரமத்திலிருந்து கிளம்பிப் போய்ப் புலி வேட்டையாடிவிட்டு, மறுபடி வந்து கண்ணை மூடி உட்கார்ந்ததற்கு ஒரு நக்கல் பாட்டு.

ஒருநாள் மகரிஷியைத் தேடி ஹெலிகாப்டர் வந்தது. கூட ஒருவர் ஏறலாம் என்றதும் ஜான் லெனன் முந்திக்கொண்டார். ஏன் இத்தனை அவசரம் என்று பால் மெக்கார்ட்னி பிறகு விசாரித்தார். மேலே போனதும் ஞான ரகசியத்தை மகரிஷி தன் காதில் மட்டும் போட்டுவிடுவாரோ என்று நினைத்தாராம் ஜான். பஞ்சாமிர்தம் முதலில் தனக்கே வேண்டும் என்று கர்ப்பக்கிரகத்தை ஒட்டி நிற்கிற ஜாதி.

கடைசியில் ஏதோ வதந்தி கிளம்பியது. குரு ஒரு சிஷ்யையிடம் முறைதவறி நடந்தார் என்று காதில் ஓதியவர், ஜானின் கிரேக்க நண்பர். ஆசிரமத்துக்குள் சாராயம் கடத்தி வந்த புண்ணியவானும் இவரேதான் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை. ஏப்ரலில் ஜானும் ஜார்ஜ் ஹாரிசனும் புறப்பட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று மகரிஷி கேட்டதற்கு, எல்லாம் அறிந்தவருக்கு இது தெரியாதா என்கிற தோரணையில் ஜான் பதில் சொன்னார். காரில் ஏறும் முன்பே வசைப் பாட்டும் தயார். குருவின் பெயரை எடுத்துவிடு என்று ஜார்ஜ் மன்றாட, அதில் ஒரு பெண் பெயர் ஏறியது.

மகரிஷி அசரவில்லை. 2008இல் நெதர்லாந்தில் காலமாகும்வரை உலகெங்கும் கிளை பரப்பினார். ஆசிரமம் பாழடைந்து, இன்று ராஜாஜி புலிகள் சரணாலயத்துக்குள் இருக்கிறது. ஆமாம், நம் ராஜாஜிதான். 1937இல் சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தவர். சாராயம் கடத்திய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான காவல்காரர் கிடைப்பாரா?

இன்னொன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே தியானத்தைக் கற்பிக்க 2009இல் நியூயார்க்கில் நிதிக் கச்சேரி நடந்தது. பாலோடு மேடையேறியவர், முதலில் ஓடிப்போன ரிங்கோ மாமா.

ரிஷிகேசம் போனால், வனத்துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு அந்த மேட்டைப் பாருங்கள். குரங்குகள் அதிகம், புளிக்காய்ச்சல் ஜாடியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.