வெள்ளைக் கோட்டுப் பாதுகாப்பு

சைக்கிளில் வேலைக்குப் போனால் உடம்புக்கு நல்லதாம். உடம்பு முழுசாக வீடு திரும்பினால் நல்லதுதான்.

அரசுப் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது தமிழக அரசு. ஓட்ட இடம் அவரவர் சாமர்த்தியம். நம்மூர் சைக்கிள் பாதை பெரும்பாலும் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்குள் ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு இளநீர் வண்டி, பாதி மூடிய வடிகால்.

ஸ்பெயினின் செவில் நகரம் 2006-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே சுமார் 80 கி.மீ.க்குத் தடுப்பு வைத்துத் தனித்தடம் போட்டது. சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. அவர்களுக்குத் திடீரென ஆரோக்கிய ஞானம் பிறக்கவில்லை. பஸ் வந்து உரசாது என்ற தைரியம் பிறந்தது.

நாமோ சிக்கனக்காரர்கள். தடுப்புக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை விழிப்புணர்வுப் பேரணி நடத்துவோம். அதற்கு மட்டும் சாலையை மறித்துப் போலீஸ் பாதுகாப்பும் உண்டு!