ஏசிக்குக் கணக்கு உண்டு

சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தந்தே ஆகவேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கட்டளை. பட்டியலில் உள்ள வங்கிகளும் தருகின்றன. அட்டையில் ஒரு பச்சைத் தளிர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உள்ளே கணக்கு படுசுத்தம். ஜெனரேட்டர் குடித்த டீசல், கழித்துப் போட்ட கணினிகள், குடிநீர், கழிவுநீர், மேலாளர் அறை ஏசி இழுத்த கரண்ட் எல்லாம் உண்டு. சரி, அந்த வங்கியின் கடனில் எழுந்த அனல்மின் நிலையம் கக்கும் புகை? அது 'ஸ்கோப் 3', அதாவது பிறர் வழியாக வரும் புகைச் சங்கதியாம். படிவத்தில் அது கட்டாயம் இல்லை; 'தலைமைக் குறியீடு' என்ற தலைப்பில், மனமிருந்தால் நிரப்பலாம். நம் வங்கிகளில் பலவற்றுக்குத் தலைமை ஏற்பதில் அப்படியொரு கூச்சம்!

வட்டிக்குப் பணம் கொடுத்துச் செங்கல் சூளை வைத்துத் தந்தவர், தன் வீட்டு ஊதுபத்திகளை எண்ணிக் காட்டுகிற கதைதான். வங்கிக்குப் புகைபோக்கி கிடையாது. அதன் புகையெல்லாம் கடன் பேரேட்டில்தான் இருக்கிறது. பருவநிலை அபாயங்களை வங்கிகள் வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் ஒரு வரைவு விட்டது. வரைவுக்கு அவசரம் ஏது?

நீங்கள் பங்குதாரரா? மரக்கன்று நடும் படங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, ஸ்கோப் 3 கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.