சொம்பைக் கீழே வையுங்கள்!

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் தூண்கள்ளி வைத்து, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறேன். அடி மஞ்சளாகிக் குழைகிறதே, ஏன்?
– வாசகி, ஆவடி

பதில்: அந்தச் சொம்புதான் காரணம், அம்மா! தூண்கள்ளிக்கு உடம்பே தண்ணீர்க்குடம். அதன் மடிப்புகளைப் பாருங்கள்: குடித்தால் விரியும், வற்றினால் சுருங்கும். பகலில் தோலின் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் மூச்சு வாங்கும், ஈரம் வீணாகாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்றவே வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள்.

நம் சித்திரை வெயிலைத் தாங்கும் செடி, ஐப்பசி அடைமழையில்தான் அழுகும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதமும் தொட்டி சன்ஷேடுக்கு அடியில் இருக்கட்டும்.

இப்போது அவசரம்: குழைந்த அடியை வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாதவரை சீவிக்கொண்டே போங்கள். நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு, தழும்பு கட்டியதும் மணல் கலந்த மண்ணில் நடுங்கள். வெட்டும்போது பால் வடிந்தால், அது அமெரிக்கக் கள்ளியல்ல, நம்மூர்ச் சதுரக்கள்ளியின் உறவு. கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.