பதினாறு பெட்டியும் ஒரு யானையும்

1969ஆம் ஆண்டளவில் அமெரிக்க உதவிப் பணம் கொடுக்கும் யுஎஸ்எயிட்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது: உலகம் முழுக்கக் காசைக் கொட்டுகிறோமே, அது என்னதான் ஆகிறது? ஆலோசகர்களைப் பிடித்து ஆராயச் சொன்னார்கள். திட்டம் எதற்காகத் தொடங்கியது என்பது அதை நடத்துகிறவர்களுக்கே தெளிவில்லை என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கள் செங்கலடிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கேட்டிருந்தால் ஒரு பிளேன்ரீ காசோடு விஷயம் முடிந்திருக்கும். ஆலோசகர்கள் என்றபடியால் நாலுக்கு நாலாகப் பதினாறு பெட்டி கீறிக் கொடுத்தார்கள். அதுதான் லொக்பிரேம். 1980களில் ஜெர்மன்காரர் அதற்கு நிற அட்டையும் குண்டூசியும் சேர்த்தார்கள்.

அது செங்கலடி வந்துசேர ஒரு சுனாமி தேவைப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் அலை கரையோரக் கிராமங்களை அடித்தது. சந்தி வரை வரவில்லை. சந்திக்கு வந்தது என்ஜிஓக்களின் லாண்ட் குறூசர். வீட்டு வாடகை ஏறியது. வேலையில்லாமல் மதகில் குந்தியிருந்தவர்களெல்லாம் புரொஜெக்ட் ஒபிசர் ஆனார்கள். நானும் ஆனேன்.

எங்கள் சங்கத்துக்கு அதுவரை இருந்தவை தலைவர் வீட்டு விறாந்தை, ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு லுமாலா சைக்கிள். இப்படியே இருந்தால் காசு தர ஏலாது, நிறுவனம் மாறவேண்டும், அதற்கு மூலோபாயத் திட்டம் வேண்டும் என்றார்கள் காசு தருகிறவர்கள். மூன்று நாள் செயலமர்வு வைத்தோம். மூலத்துக்கு உபாயம் சொல்லப்போகிறார்கள் என்று நம்பி வந்த இரண்டு பெரியவர்கள் முதல்நாள் மத்தியானப் பார்சலோடு போய்விட்டார்கள்.

பலம், பலவீனம், வாய்ப்பு எல்லாம் சுணங்காமல் எழுதினோம். ‘அச்சுறுத்தல்’ அட்டை வந்தபோது ஒருவரும் மார்க்கரைத் தொடவில்லை. அச்சுறுத்தல் யாரென்று எல்லாருக்கும் தெரியும். கறுத்தப்பாலத்துக்கு அங்கால் ஒரு தரப்பு, இங்கால் ஒரு தரப்பு, மண்டபத்துக்குள் யாருடைய காது என்று தெரியாது. கடைசியில் ஓர் அண்ணன் எழும்பிப்போய் ‘யானை’ என்று எழுதினார். பொய்யுமில்லை, ஆபத்துமில்லை. எல்லாரும் கைதட்டினோம்.

மூன்றாம் நாள் லொக்பிரேம். அதில் நாலாவது நிரல் ‘எடுகோள்கள்’. உங்கள் கையில் இல்லாத, ஆனால் நடந்தே ஆகவேண்டிய விஷயங்களைச் சுருக்கமாக எழுதுங்கள் என்றார் கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர். போர்நிறுத்தம் நிற்கும். பாலம் திறந்திருக்கும். வெள்ளம் வராது. சீமெந்து ஏற்ற விடுவார்கள். பெடியனை ஒருவரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். நிரல் நிறைந்து, பக்கத்தில் இன்னொரு பிரிஸ்டல் போட் ஒட்டவேண்டி வந்தது. வாவிக்கு அங்கால் படுவான்கரையிலிருந்து வந்த அக்கா ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“மனே, இந்தக் கடைசிப் பெட்டியில உள்ளதெல்லாம் நடந்தா, மறுகா மத்தப் பெட்டியெல்லாம் என்னத்துக்கு?”

ஆலோசகர் மொழிபெயர்க்கச் சொன்னார். “திட்டத்தை மனமார வரவேற்கிறாவாம்” என்றேன். சம்பளம் மாதக்கடைசியில்தான்.

பிறகு நடந்ததெல்லாம் நாலாவது நிரலில்தான் நடந்தது. 2006இல் சண்டை. 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் மூட்டையோடு வாவியின் இந்தப் பக்கம் வந்தது, அந்த அக்காவும்தான். ‘பயனாளிகள் தம் கிராமத்திலேயே தன்னிறைவு’ என்ற பெட்டியை நாங்கள் தரப்பாள் கொட்டிலுக்குள் இருந்து நிரப்பி அனுப்பினோம். 2010இல் ஐஎம்எஃப் இலங்கையை நடுத்தர வருமான நாடு என்றது. செங்கலடிக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் காசு வைத்திருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். அந்த வருடமே என்ஜிஓ செயலகம் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே போனது. 2011 ஜனவரியில் ‘வெள்ளம் வராது’வும் போனது. லாண்ட் குறூசர் அதற்கு முன்னமே போயிருந்தது.

சீ.ஆர். கொப்பி மறுபடி விறாந்தைக்கு வந்தது. லொக்பிரேம் கீறிய போட்டை மரண உதவிச் சங்கம் எடுத்துக்கொண்டது. பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடந்தது, ஆனால் அவர்கள் முன்பக்கத்திலேயே பெட்டிகளுக்குள் வெள்ளைத்தாள் ஒட்டிச் சந்தாக் கணக்கு எழுதுகிறார்கள், கோடு கீறியிருப்பது வசதியாம். ‘எடுகோள்கள்’ தலைப்பை மட்டும் ஒருவரும் மூடவில்லை. அதற்குக் கீழே சந்தா கட்டாதவர் பெயர்கள். முதலாவது என்னுடையது.